தொழிலாளியின் பருமனும் முதலாளியின் கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருபது வருஷங்களுக்கு மேலாக ஒரு நூதனமான கணக்குப் போடப்பட்டு வருகிறது. ஆலைக்கும் காரியாலயத்துக்கும் வேலைக்கு வரும் மனிதனுடைய உடலை நிறுத்து, அவ்வெடையில் மிகுதியாயிருக்கும் பாகத்தினால் முதலாளிக்கு வருஷம் ஒன்றுக்கு எத்தனை டாலர் நஷ்டமென்று பேரேட்டில் பற்றெழுதுவதே அக்கணக்கு. இதைக் கேட்டு நகைப்பவர்கள் நம்மவரில் பலர் இருக்கலாம். ஆனால் இது நகைத்து விட்டுவிடத்தக்க விஷயமன்று. தொழிலாளியின் பேரில் எழுதப்பட்ட பற்று எதுவும் பேரேட்டிலேயே தூங்கிக் கிடப்பதில்லை. என்றாவது ஒரு நாள் யாரிடமிருந்தாவது அது வசூலிக்கப்பட்டே தீரும். அது யாரிடமிருந்து வசூலாகிறது என்பதையே நாம் இங்கு விசாரிக்க விரும்புகிறோம்.

தொழிலாளியின் வியாதிக்கும் முதலாளியின் பணப்பெட்டிக்கும் அந்நாட்டில் சம்பந்தம் ஏற்பட்ட வரலாற்றை முதலில் சொல்ல வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவே, 1942-ம் வருஷத்தில், விலைவாசி ஏறாதிருக்கும் பொருட்டு அமெரிக்க சர்க்கார் கூலி உயர்வுக்கு வரம்பு கட்டினர். ஆட்களோ யுத்த முனைக்குப் போய்விட்டார்கள். கூலியை உயர்த்தி ஆள் பிடிக்க வழியில்லாத கம்பெனிகள் வைத்திய இன்ஷூரன்ஸ் முதலிய சலுகைகளைக் காட்டி ஆட்களை இழுக்கத் தொடங்கின. இச்சலுகைகள் கூலி வரம்புக்குள் சேரா என்று சர்க்காரும் விட்டுக்கொடுத்தனர். முதலாளி கட்டும் பிரீமியத்தைத் தொழிலாளியின் வருமானமாகக் கொண்டு வரி விதிப்பதில்லையென்று 1954-ம் வருஷத்து வரிச் சட்டம் உறுதி செய்தது. யுத்தத்தின் அவசரத்தில் முளைத்த அந்த ஏற்பாட்டின் நிழலில் இன்று பதினைந்து கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்கிறார்கள். பெரிய கம்பெனிகள் பிரீமியத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. தம் ஆட்களின் வைத்தியச் செலவைத் தாமே நேராக ஏற்றுக்கொண்டு, பட்டுவாடா வேலைக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனியை வைத்துக்கொள்கின்றன. ஆகவே ஒரு தொழிலாளிக்கு நீரிழிவு கண்டாலும், முழங்கால் தேய்ந்தாலும், இருதய நோய் வந்தாலும் அச்செலவு கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் அவ்வருஷமே தெரிந்துவிடுகிறது. 1948-ம் வருஷம் முதல் ஆஸ்பத்திரிச் செலவைப் பொதுவரியிலிருந்தே செய்து வரும் இங்கிலாந்தில் முதலாளிகளுக்கு இத்தனை கவலை இல்லாததற்குக் காரணம் அவர்களுடைய உதார குணமன்று.

பருமனை அளக்கும் கோல் எது என்பதையும் சொல்லி விடுவோம். ஒருவருடைய எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணே உடல் நிறைக் குறியீட்டெண் எனப்படுவது. இது 25-க்கு மேற்பட்டால் மிகை எடை. 30 ஆனால் பருமன். 35 ஆனால் பருமனின் இரண்டாம் படி. 40 ஆனால் மூன்றாம் படி. இதைக் கண்டவர் வைத்தியரல்லர். பெல்ஜியம் தேசத்துக் கணித சாஸ்திரியும் வான சாஸ்திரியுமான அடால்ப் கெட்லே என்பவர் 1830-களில் ஜனத்தொகையின் சராசரி இயல்பை அறியும் பொருட்டு இதை வகுத்தார். தனி மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்வது அவருடைய நோக்கமாயிருக்கவில்லை. இப்பொழுது வழங்கும் பெயரை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆன்ஸெல் கீஸும் அவருடைய சகாக்களும் 1972-ம் வருஷத்தில் இட்டார்கள். தசை எது, கொழுப்பு எது என்று இவ்வெண்ணுக்குத் தெரியாது. கோதாவில் இறங்கும் பயில்வானும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வணிகரும் இதன்படி ஒரே வகுப்பில் சேர்ந்து விடலாம். ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒருவாறு உதவும் கோல் இது.

நிற்க. கணக்குக்கு வருவோம். எரிக் பிங்கெல்ஸ்டைன் என்னும் பொருளாதார ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 2005-ம் வருஷத்தில் முழுநேரத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். சாதாரண எடையுள்ளவரைக் காட்டிலும் வைத்தியத்துக்கும் வேலைக்கு வராத நாட்களுக்கும் சேர்த்து வருஷத்தில் ஆகும் அதிகச் செலவு, மிகை எடையுள்ள ஆடவர் ஒருவருக்கு 175 டாலர் என்றும், இரண்டாம் படிப் பருமனுள்ள ஸ்திரீ ஒருவருக்கு 2,485 டாலர் என்றும் அவர்கள் கண்டார்கள். 1,000 பேர் வேலை செய்யும் கம்பெனிக்குப் பருமனால் வருஷத்துக்கு 2,85,000 டாலர் செலவென்றும், அதில் ஏறக்குறைய 30 சத விகிதம் வேலைக்கு வராமையால் விளைவதென்றும் கூறினார்கள். மீதியெல்லாம் வைத்தியச் செலவு.

இக்கணக்கு ஐந்து வருஷத்தில் வளர்ந்தது. அவ்வாராய்ச்சியாளரே வேறு சகாக்களுடன் சேர்ந்து 2010-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், அமெரிக்காவின் முழுநேரத் தொழிலாளிகளின் பருமனால் விளையும் செலவு வருஷத்துக்கு 7,310 கோடி டாலர் என்று வந்தது. மூன்றாம் படிப் பருமனுள்ள ஆடவருக்கு 6,087 டாலர், ஸ்திரீக்கு 6,694 டாலர். பருமனானவர்களில் குறியீட்டெண் 35-க்கு மேற்பட்டவர்கள் 37 சத விகிதத்தினரே; செலவிலோ அவர்கள் பங்கு 61 சத விகிதம். இன்னொரு விசேஷமும் அதில் உண்டு. சற்றே மிகை எடையுள்ள ஆடவர்களுக்குச் சாதாரண எடையுள்ளவர்களைக் காட்டிலும் 322 டாலர் குறைவாகவே செலவாகிறதாம்! அளவான தொந்தி முதலாளிக்கு லாபமென்று இதைக் கொண்டு யாரும் விளம்பரம் செய்ததாக நாம் அறியோம்.

இவற்றையெல்லாம் விட மனத்தில் தைக்கும் புள்ளி விவரம் ட்யூக் சர்வகலாசாலையிலிருந்து வந்தது. அச்சர்வகலாசாலையிலும் அதன் ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்த 11,728 பேருடைய தஸ்தாவேஜிகளை, 1997 முதல் 2004 வரையில் உள்ளவற்றை, பரிசீலித்து 2007-ல் அதை வெளியிட்டார்கள். வேலையில் காயமுற்று நஷ்ட ஈடு கோரிய மனுக்கள், தகுந்த எடையுள்ளவர் 100 பேருக்கு வருஷத்தில் 5.80, மூன்றாம் படிப் பருமனுள்ளவர் 100 பேருக்கு 11.65. காயத்தால் வேலை செய்ய முடியாமற் போன நாட்கள் முன்னவருக்கு 14.19, பின்னவருக்கு 183.63. காயத்துக்கான வைத்தியச் செலவு முன்னவருக்கு 7,503 டாலர். பின்னவருக்கு 51,091 டாலர். நோயாளியைத் தூக்கும்போது முதுகு பிடிப்பதும், தரையில் வழுக்கி விழுவதும், முழங்கால் பிசகுவதும் இவ்விலக்கங்களுக்குள் அடங்கியிருக்கின்றன. காயம் இருவருக்கும் ஏற்படுகிறது. பருமனானவர் எழுந்து நடமாட நெடுநாளாகிறது. இது பணக்கணக்கு மாத்திரமன்று, பெருந்துன்பம். உடற்பருமன் ஒன்றுமில்லாத விஷயமென்று சொல்வாரோடு நாம் சேரமாட்டோம்.

ஆனால் இலக்கம் பெரிதாயிருப்பதனாலேயே அது கெட்டியானதென்று எண்ணிவிடக்கூடாது. 2010-ம் வருஷத்து 7,310 கோடியில் மிகப் பெரிய பங்கு வைத்தியச் செலவுமன்று, லீவுமன்று. வேலைக்கு வந்திருந்தும் உடல் நலக் குறைவால் வேலை குறைந்து போகும் நஷ்டமே அது. லீவு நாட்களை எண்ணலாம். வைத்தியர் பில்லைக் கூட்டலாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருடைய வேலை எவ்வளவு குறைந்ததென்று எப்படி அளப்பது? தொழிலாளியையே கேட்கிறார்கள். 'சென்ற வாரத்தில் உமது உடல் நிலை உமது வேலையை எவ்வளவு பாதித்தது? சொல்லும்' என்று ஒரு படிவத்தில் கேட்டு, அவர் போடும் எண்ணைச் சம்பளத்தால் பெருக்கி நஷ்டமாக எழுதுகிறார்கள். யோக்கியமாகப் பதில் சொன்னவர் தம் பேரில் தாமே பற்றெழுதிக் கொள்கிறார். இரண்டு மணி நேரம் பயனற்ற கூட்டங்களில் மேலதிகாரிகள் கடத்தும் பொழுதுக்கு இதைப்போல் ஒரு படிவம் இருக்குமாயின், அந்த நஷ்டம் எத்தனை கோடிக்கு ஏறுமோ?

காரண காரியம் வேறொரு சிக்கல். பருமனானவருக்குச் செலவு அதிகமென்றால், அவ்வளவும் பருமனாலேயே வந்ததென்று சொல்ல முடியுமா? வியாதியால் நடக்க முடியாமற் போய்ப் பின்பு பருத்தவர் உண்டு. ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொண்டு பருத்தவர் உண்டு. வறுமை ஒரே சமயத்தில் பருமனையும் வியாதியையும் தருவதுண்டு. இப்படிச் சொன்னவுடன், செலவை மிகைப்படுத்தி விட்டார்கள் என்று வாசகர் முடிவு செய்யக்கூடும். அதுவும் அவசரமே. ஜான் காலி, சாட் மேயர்ஹோபர் என்ற இரு பொருளாதார நிபுணர்கள், பெற்ற பிள்ளையின் எடையைக் கொண்டு பெற்றோரின் பரம்பரைப் பருமனைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்து, 2012-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண முறையில் ஒருவருக்கு வருஷத்துக்கு 656 டாலர் என்று வந்த அதிக வைத்தியச் செலவு, அவர்களுடைய முறையில் 2,741 டாலராக உயர்ந்தது. ஆகவே பழைய கணக்கு எத்திசையில் பிசகியிருந்தது என்பதே விவாதத்துக்கு இடமானது.

இனி வசூலுக்கு வருவோம். இக்கணக்குகளுக்கெல்லாம் 'முதலாளிக்கு ஆகும் செலவு' என்று தலைப்பிடுவது வழக்கம். 2009-ம் வருஷத்தில் ஜெய் பட்டாச்சார்யா, கேட் பண்டார்ப் என்ற இருவரும் பிரசுரித்த ஆராய்ச்சி இத்தலைப்பையே ஆட்டம் காண வைத்தது. கம்பெனி மூலம் வைத்திய இன்ஷூரன்ஸ் பெறும் பருமனான தொழிலாளிகள், மற்றவர்களைக் காட்டிலும் குறைந்த சம்பளம் பெறுகிறார்கள். கம்பெனி இன்ஷூரன்ஸ் இல்லாத வேலைகளில் இவ்வித்தியாசம் காணப்படவில்லை. வெறுப்பு ஒன்றே காரணமாயிருந்தால் இரண்டு இடத்திலும் சம்பளம் குறைந்திருக்க வேண்டுமே! எனவே முதலாளி ஒரு கையால் கொடுக்கும் வைத்தியச் செலவை மற்றொரு கையால் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்கிறார் என்று ஏற்படுகிறது. இச்சம்பளக் குறைவு முக்கியமாக ஸ்திரீகளையே தாக்குகிறதென்றும், அவர்களுடைய அதிக வைத்தியச் செலவு இக்குறைவில் பெரும்பாகத்துக்குச் சமாதானம் சொல்கிறதென்றும் அவர்கள் கண்டார்கள். மேலே சொன்ன காலி என்பவர் 2004-ல் தனியாக வெளியிட்ட ஆராய்ச்சியிலும், வெள்ளை இன ஸ்திரீகளிடையே சுமார் 65 பவுண்டு எடை வித்தியாசத்துக்கு 9 சத விகிதம் சம்பளம் குறைகிறதென்று கண்டிருக்கிறார். பாரம் ஒருவர் சுமக்க, 'அப்பா, வலிக்கிறதே' என்று மற்றொருவர் முனகுவது போலிருக்கிறது இது.

இத்துடன் நின்றதா? தொழிலாளியைப் பருக்கச் செய்தது எது என்ற கேள்வி அக்கணக்கில் எங்கும் இடம் பெறவில்லை. 1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்கத் தனியார் தொழில்களில் ஏறக்குறையப் பாதி வேலைகள் ஓரளவேனும் உடலை அசைத்துச் செய்ய வேண்டியவையாயிருந்தன. 2011-ல் வெளியான ஆராய்ச்சியின்படி அது 20 சத விகிதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வேலையில் ஒரு நாளைக்குச் செலவழியும் உடற்சக்தி 100 கலோரிக்கு மேல் குறைந்துவிட்டது. ஐம்பது வருஷமாக மனிதரை நாற்காலியில் கட்டிப் போட்டு, இரவு முறை வேலை கொடுத்து, பகல் உணவுக்கு அரை மணி நேரமும் கொடாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு தராசைக் கொண்டு வந்து நீட்டுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

லண்டன் பஸ் தொழிலாளிகளின் விஷயம் இவ்விடத்தில் சொல்லத்தக்கது. ஜெரி மாரிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 1953-ல் ஓர் உண்மையைக் கண்டறிந்து வெளியிட்டார். மாடி பஸ்ஸின் படிகளில் நாள் முழுதும் ஏறியிறங்கும் கண்டக்டர்களைக் காட்டிலும், உட்கார்ந்தே வண்டியோட்டும் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக வருகிறதென்பதே அது. இருவரும் ஒரே கம்பெனி, ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆசனத்தைத் தவிர வேறு காரணம் இராது என்று தோன்றியது. ஆனால் மாரிஸ் அதோடு திருப்தியடையவில்லை. அவரும் அவருடைய சகாக்களும் கம்பெனி தைத்துக் கொடுத்த யூனிபாரத்தின் அளவுப் புஸ்தகங்களைத் தேடியெடுத்து, டிரைவர்களுடைய காற்சட்டை இடுப்பளவு இளம் வயதிலிருந்தே கண்டக்டர்களுடையதை விடப் பெரிது என்று 1956-ல் தாமே எழுதினார்கள். அதாவது பருத்தவர்கள் டிரைவர் வேலைக்குப் போயிருக்கவும் கூடும். தம் சொந்த முடிவுக்கே தடையாக நிற்கும் சாட்சியைத் தாமே தேடிக் கூண்டிலேற்றிய இந்த யோக்கியப் பொறுப்பு, டாலர் கணக்குப் போடும் ஆலோசனைக் கம்பெனிகளிடம் காணக் கிடைப்பதில்லை.

அவ்வாலோசனைக் கம்பெனிகளின் வியாபாரம் கொழுத்த வியாபாரம். பருமனால் இவ்வளவு நஷ்டமென்று காட்டிவிட்டால், அந்நஷ்டத்தைக் குறைக்கும் 'ஆரோக்கியத் திட்டம்' ஒன்றை விற்பது சுலபமாகிறது. 2010-ம் வருஷத்து வைத்தியச் சீர்திருத்தச் சட்டம், இத்தகைய திட்டங்களில் குறித்த அளவை எட்டியவர்களுக்கு வெகுமதியாகப் பிரீமியத்தில் 30 சத விகிதம் வரை வித்தியாசம் செய்ய முதலாளிகளுக்கு அனுமதியளித்தது. வெகுமதி என்று ஒருவருக்குக் கொடுப்பது மற்றவருக்கு அபராதமாவதை விளக்க வேண்டுவதில்லை. திட்டத்தினால் பலன் உண்டாயிற்றா? இல்லினாய் சர்வகலாசாலையில் ஏறக்குறைய 5,000 சிப்பந்திகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாத்திரம் திட்டத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் வெளியான முடிவின்படி, வைத்தியச் செலவிலோ வேலைத் திறமையிலோ குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. அதே வருஷத்தில், பி.ஜே.ஸ் என்னும் பெரிய சில்லறை வியாபாரக் கம்பெனியின் 160 கிளைகளில், 32,974 சிப்பந்திகளைக் கொண்டு நடந்த பரீட்சையின் முடிவும் வந்தது. பதினெட்டு மாதத்துக்குப் பின் எடையும் குறையவில்லை, செலவும் குறையவில்லை, லீவும் குறையவில்லை. முன்பு பலன் தெரிந்ததாகச் சொன்னவர்கள் பொய் சொன்னார்களா என்றால், அப்படியுமில்லை. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் முன்னமே ஆரோக்கியமாயிருந்தவர்கள். அவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டால் திட்டம் ஜயமடைந்தது போலத்தான் தோன்றும். இல்லினாய் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் புள்ளிகளையே அப்பழைய முறையில் ஒப்பிட்டு, அதே பொய்த் தோற்றம் வருவதைக் காட்டியும் விட்டார்கள்.

மெய்யாகவே எடையைக் குறைக்கும் மருந்துகள் பிறகு வந்தன. முதலாளிகள் வெகு நாளாகக் கேட்ட வரம் கிடைத்தபோது நடந்ததென்ன? 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெகோவி என்ற ஊசி மருந்துக்கு அப்பொழுது குறித்த விலை மாதத்துக்கு ஏறக்குறைய 1,350 டாலர். வருஷத்துக்கு 16,200 டாலர். மூன்றாம் படிப் பருமனுள்ள ஸ்திரீயால் ஆகும் நஷ்டமென்று 2010-ல் எழுதியதோ 6,694 டாலர். இடையில் ஏறிய விலைவாசியைத் தள்ளிப் பார்த்தாலும் மருந்து நோயை விஞ்சி நின்றது. விலை பிற்பாடு இறங்கியது உண்மைதான். ஆனால் அதற்குள், வட காரோலினா ராஜ்யத்துச் சிப்பந்திகளின் வைத்தியத் திட்டம் செலவு தாங்காமல், எடை குறைப்பதற்காக இம்மருந்துகளைக் கொடுப்பதை 2024 ஏப்ரல் மாதத்தில் நிறுத்திவிட்டது. அந்நாட்டுத் தொழிலாளி ஒரு முதலாளியிடம் இருக்கும் காலம் பாதிப் பேருக்குச் சுமார் நான்கு வருஷமே. இன்று எடையைக் குறைத்தால் மாரடைப்பு வராமற் போகும் லாபம் பத்து வருஷம் கழித்து வேறொரு முதலாளிக்கோ, 65 வயதுக்குப்பின் சர்க்காருக்கோ போய்ச் சேரும். தன் பணத்தில் ஊரான் கழனிக்கு நீர் பாய்ச்ச எந்தக் கம்பெனி முன்வரும்?

ஜப்பானியர் வேறு வழியில் போனார்கள். 2008 முதல் 40 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் இடுப்பளவை வருஷந்தோறும் எடுக்கிறார்கள். ஆடவருக்கு 85 சென்டிமீட்டர், ஸ்திரீகளுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. எல்லை மீறியவருக்கு அபராதமில்லை. அவருக்குப் புத்திமதி கூறத் தவறும் இன்ஷூரன்ஸ் சங்கத்துக்கே முதியோர் வைத்திய நிதிக்குக் கட்டும் தொகை கூடுகிறது. நாடாவைக் கொண்டு இடுப்பை அளப்பது நமக்கு ரசிக்கவில்லையாயினும், பொறுப்பு யார்மேல் விழுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இவ்விஷயத்தில் நமக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஸ்திரீகளில் 40.4 சத விகிதமும் ஆடவரில் 37 சத விகிதமும் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள். இந்தியா முழுவதற்கும் உள்ள சராசரியை விட இது மிக அதிகம். நம் தேசத்தாருக்கு எண் 25-ஐ எட்டுமுன்பே நீரிழிவு தொடங்குவதால், இந்திய வைத்திய நிபுணர்கள் 23-ஐயே எல்லையாகக் கொள்கிறார்கள். அந்த எல்லையை வைத்து எண்ணினால் தொகை இன்னும் ஏறும். அமெரிக்க டாலர் இலக்கத்தை ரூபாயாக்கி இங்கே கடை பரப்ப எத்தனை நாளாகும்? எடையைக் காட்டி வேலையைப் பறிப்பது நமக்குப் புதிதுமன்று. 2009 ஜனவரியில், அப்பொழுது சர்க்கார் கம்பெனியாக இருந்த ஏர் இந்தியா, எடை அதிகமென்று சொல்லி விமானப் பணிப்பெண்கள் சிலரை வேலையிலிருந்து நீக்கியது. எடையைக் காரணமாகக் கொண்டு வேலையில் பாரபட்சம் காட்டுவதை அமெரிக்காவின் மிச்சிகன் ராஜ்யம் 1976-லேயே சட்டத்தால் தடுத்தது. நியூயார்க் நகரம் 2023-ல் தடுத்தது. நம்முடைய 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் பருமன் இல்லை.

நல்லகாலமாக, 1948-ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் ஏற்பட்ட தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் இந்த வேற்றுமைக்கு இடம் வைக்கப்படவில்லை. 2019 ஜூலை முதல் முதலாளியின் சந்தா சம்பளத்தில் 3.25 சத விகிதம், தொழிலாளியின் சந்தா 0.75 சத விகிதம் என்று நிர்ணயித்தார்கள். நாற்பது கிலோ எடையுள்ளவருக்கும் நூற்றிருபது கிலோ எடையுள்ளவருக்கும் விகிதம் ஒன்றே. ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்பட்டவர்கள் இத்திட்டத்துக்கு வெளியே நிற்கும்படி வரம்பு வைக்கப்பட்டது. அவர்களுக்காகக் கம்பெனிகள் தனியார் இன்ஷூரன்ஸ்காரர்களிடம் கூட்டுப் பாலிசி வாங்குகின்றன. அப்பாலிசிக்குச் சென்ற வருஷம் எவ்வளவு வைத்தியச் செலவு ஆயிற்று என்று பார்த்தே அடுத்த வருஷப் பிரீமியத்தைக் குறிக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கு இந்நாட்டில் நுழையுமானால் அவ்வழியாகவே நுழையும். அங்கே வேலை செய்யும் குமாஸ்தாக்களுக்கும் எஞ்சினீயர்களுக்கும் பெரும்பாலும் சங்கமே கிடையாது.